சொல்லாமல் விட்டுவந்த இடம்

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பல்கலைக்கழகப் பதிவு எண் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. முதல் பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்ட அந்த எண் வேண்டும். துறைத்தலைவர் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்ல போய்க் கேளும்மா” என்று அனுப்பினார்.

அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்த மேடம் என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“நீ அங்க இருக்கியேம்மா” என்றார்.

“எங்க மேடம்?”

திரையை என் பக்கம் திருப்பினார். பிளஸ் டூ படிக்கும்போது இரட்டைச் சடையோடு எடுத்த என் புகைப்படம். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே வேறொரு கல்லூரியின் பெயர். பி.காம்., முதலாம் ஆண்டு. பதிவு எண்கூடக் கொடுத்திருந்தார்கள்.

“நான் இங்கதான மேடம் இருக்கறன்?”

“நீ இங்க இருக்க. உன் பேரு அங்க இருக்குது. ஒரு பேரு ஒரு எடத்துலதான் இருக்க முடியும். அவங்க விட்டாத்தான் நான் இங்க இழுக்க முடியும்.”

பயம் வருவதற்கு முன்பு எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. ஐந்து மாதமாக நான் இங்கே இலைக் காம்பை நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே என் முகத்தோடும் என் பிறந்த தேதியோடும் ஒருத்தி பி.காம். படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இந்தப் பருவத்தில் என்னென்ன பாடங்கள் என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பாடமா? அடுத்த வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாளு. அதுக்குள்ள உன் பேரு இங்க வரலன்னா உனக்கு இந்தப் பரீட்சையே கெடையாது. வருஷமே போனாலும் போயிடும். புரியுதா? அங்கேர்ந்து வரும்போது சொல்லிட்டுத்தான வந்த?”

“யாருகிட்ட மேடம்?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு இடத்தை விட்டு வரும்போது சொல்லிவிட்டு வரவேண்டும் என்பதே அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் சொல்லிவிட்டு வந்ததில்லை. எங்கள் ஊர் பேரிகைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகும் வரை இருவருமே அடுத்தவர் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். பிறகு அப்பா ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆளாகப் போக ஆரம்பித்தார். கையெழுத்துப் போடவே கம்பெனியில்தான் கற்றுக்கொண்டார். அவர் கம்பெனி மாறுவது மிகவும் எளிது. டீக்கடையில் யாராவது, “அங்க கொஞ்சம் சேத்துத் தராங்கப்பா, கேண்டீன்ல முட்டை உண்டு” என்பார்கள். மறுநாள் காலை அப்பா வழக்கமான வேனுக்குக் காத்திருக்காமல் வேறு வேனில் ஏறிக்கொள்வார். பழைய கம்பெனி பிடித்துவைத்திருக்கும் கொஞ்ச நாள் சம்பளம் போனது போனதுதான். கேட்டுப் போனால் திட்டுத்தான் கிடைக்கும். பழைய ஒப்பந்தக்காரர் போன் செய்து தொல்லை கொடுக்கக் கூடாது என்று சிம்மையும் கழற்றிப் போட்டுவிடுவார். புதுக் கம்பெனிக்குப் புது சிம். பழைய கம்பெனிச் சட்டை வீட்டில் மாடு குளிப்பாட்டும்போது போட்டுக்கொள்ள ஆகும்.

நானும் அப்படித்தான் மாறினேன். பிளஸ் டூ முடிவு வந்ததும் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். முதல் கலந்தாய்வில் இடம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நெடுஞ்சாலையோரத் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து ஆட்கள் ஊருக்கே வந்தார்கள். பஸ் வீட்டு வாசலுக்கு வரும், பி.காம். படித்தால் கம்பெனி அலுவலகத்துக்குள்ளேயே உட்காரலாம் என்றார்கள். கம்பெனி அலுவலகத்தைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து மட்டுமே பார்த்திருந்த அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. முதல் பாதிக் கட்டணம் கட்டினோம். சில வாரம் போனேன். அப்போது அரசுக் கல்லூரியிலிருந்து கடைசிச் சுற்றுக் கலந்தாய்வுக்குக் குறுஞ்செய்தி வந்தது. தாவரவியலில் இடம் காலியாக இருந்தது.

தாவரவியல் எனக்கு எதற்கு என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. அம்மா ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறார். பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைக்குள் ஏக்கர் கணக்கில் ரோஜா. விடுமுறையில் நானும் கூடப் போவேன். அங்கே ஒல்லியான கிளைகளை வெட்டமாட்டார்கள். அடியில் லேசாக முறித்துப் பக்கவாட்டில் மடித்து விடுவார்கள். முறிந்த கிளை சாகாமல் பச்சையாகவே கிடக்கும். கொஞ்ச நாளில் அடியிலிருந்து விரல் தடிமனில் புதுக்கிளை வரும். ஏற்றுமதிப் பூ அதில்தான் பூக்கும். முறித்தால் எப்படித் தடிமனாக வருகிறது என்று அம்மாவைக் கேட்டேன். “அப்பிடித்தான் வரும்” என்றார். மேற்பார்வையாளரைக் கேட்டேன். “நீ பூ பறிக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?” என்றார். எனக்கு அது வருடக்கணக்காக மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஆக, ஒரு திங்கட்கிழமை காலை தனியார் கல்லூரிப் பேருந்து வந்தபோது நான் வாசலில் நிற்கவில்லை. சூளகிரிக்கு டவுன் பஸ் ஏறி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து அரசுக் கல்லூரிக்குப் போனேன். மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். முதலில் வாங்கியது தனியார் கல்லூரியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டதும் கணினியிலிருந்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு அதில் தவறாக எதுவும் படவில்லை. அந்த மாதமே அப்பாவும் கம்பெனி மாறினார். பழைய கல்லூரிச் சீருடைத் துப்பட்டாவை மருந்து அடிக்கும் நாட்களில் அம்மா தலையில் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனார். நல்ல கெட்டித் துணி என்று அவருக்குத் திருப்தி.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“அப்பவே சொன்னன், கட்டுன காசுக்கு அங்கயே இருன்னு. அப்பனும் மகளும் ஒரே ஜாதகம். ஒரு எடத்துல கால் நிக்காது.”

“நீ சும்மா இரு” என்றார் அப்பா. “பாப்பா, அவனுக்கு நாம ஒண்ணும் பாக்கி வெக்கல. நம்மளுது தான் அவன்கிட்ட நிக்குது. அப்புறம் எதுக்குப் பேரைப் புடிச்சு வெச்சிருக்கறான்?”

அதுதான் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. வராத ஆளின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமை அப்பா விடுப்புப் போட்டார். இரண்டு பேரும் போனோம். அலுவலக மேலாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் என்னைக் கண்டதும் அப்பாடா என்பதுபோல நாற்காலியில் சாய்ந்தார்.

“வந்துட்டியா? எங்கம்மா போன? உங்க நம்பருக்கு எத்தன வாட்டி போன் பண்றது? யாரோ எடுத்து கன்னடத்துல பேசறான், வெச்சுடறான்.”

“அந்த சிம்மைத் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சுங்க” என்றார் அப்பா.

மேலாளர் மேசை மேல் இருந்த தெலுங்கு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அப்பா தெலுங்குக்கு மாறினார். எங்கள் பக்கம் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். நான் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். கட்டணம், தேதி, விதி எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. முடியாது என்பது தமிழில் வந்தது. நாம் ஏதாவது பார்க்கலாம் என்பது மட்டும் தெலுங்கில் வந்தது. அதனால் தெலுங்கு எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பெயரை விடுவிக்க வேண்டுமானால் இந்த வருடத்தின் மீதிப் பாதிக் கட்டணத்தைக் கட்டவேண்டும்.

“வகுப்புக்கே வரலயே சார். அதுக்கு ஏன் கட்டணும்?” என்று கேட்டேன். எதிர்த்துப் பேசுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே காரணம் தெரிய வேண்டும். அவரும் அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“நீ வரல. ஆனா உன் சீட்டு இங்கதான் இருந்துச்சும்மா. உனக்கப்புறம் நாலு பேரு வந்து கேட்டாங்க. ஃபுல்லுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டோம். இப்ப அட்மிஷன் முடிஞ்சிருச்சு. அந்த எடத்துல இனிமே யாரையும் போட முடியாது.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வேற ஆளப் போட முடியாதுங்களா?”

“முடியாதுங்க.”

“நாளைக்கே ஒருத்தன் வந்து நின்னாக்கூட?”

“நின்னாக்கூட. மூணு வருஷம் அந்த சீட்டு காலியாத்தான் கெடக்கும்.”

அப்பா கட்டணத்தை மறந்துவிட்டார் என்று தோன்றியது. அவர் வேனில் ஏறாத நாளில் அவர் நின்ற இயந்திரத்தின் முன்னால் எட்டு மணிக்குள் வேறு ஒருவர் நின்றிருப்பார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். சொல்ல வேண்டிய அளவுக்கு அங்கே யார் இடமும் காலியாவதில்லை. ஒருவர் போனால் மூன்று வருடம் காலியாகவே இருக்கும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதில் தன் மகள் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதை அவர் மெல்ல மென்று விழுங்குவதுபோல எனக்குப் பட்டது.

“மொத வாரத்துலயே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்?” என்றேன்.

“வேற புள்ளையப் போட்டிருப்போம். கட்டுனதுல கொஞ்சம் புடிச்சுக்கிட்டு மீதியத் திருப்பிக் குடுத்திருப்போம்.”

“திருப்பியா?” அப்பாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “குடுத்த எடத்துலேர்ந்து திருப்பி வரும்னு யாருங்க கண்டாங்க?”

மேலாளர் இன்னொரு வழியும் சொன்னார். அதைத் தெலுங்கில்தான் சொன்னார். சீட் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, வருகை நாட்களை ஏதாவது செய்து சரிக்கட்டலாம். திங்கட்கிழமையிலிருந்து பெண்ணை இங்கேயே அனுப்பிவிடுங்கள். கட்டும் கட்டணமும் வீணாகாது, தேர்வும் எழுதலாம். அப்பா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் அந்தக் கண்ணாடி அறை தெரிந்தது.

“யோசிச்சுச் சொல்லு பாப்பா” என்றார்.

வகுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமா என்று மேலாளரைக் கேட்டேன். போ என்றார். இடைவேளை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் என் இடம். பைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தச் சில வாரமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைக் கண்டதும் கத்தினாள்.

“அடியே! நீ ஓடிப்போயிட்டன்னு சொன்னாங்களே!”

“யாரு கூட?”

“அதான் தெரியல. நீயே சொல்லு.”

“செடி கூட.”

“ச்சீ, போடி.” பைகளை இழுத்துக் கீழே போட்டாள். “உக்காரு. உன் எடம்தான்.”

உட்கார்ந்தேன். கரும்பலகையில் வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமுமாகக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. எனக்குக் கணக்கியல் பிடிக்காமல் இருந்ததில்லை. நடத்தியவரும் நன்றாகத்தான் நடத்தினார். அதனால் என்னையே சோதித்துப் பார்க்க நினைத்தேன். பலகையில் இருப்பதைப் பார்த்து எனக்கு ஏதாவது கேட்கத் தோன்றுகிறதா என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

“மறுபடி ஓடறியா?” என்றாள்.

“இந்த வாட்டி சொல்லிட்டுப் போறன்.”

அலுவலகத்துக்கு வந்து, “வேணாம்பா. விட்டுடச் சொல்லுங்க” என்றேன். அப்பா தலையை ஆட்டினார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. மீதிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம், முதல் தவணை கட்டியதும் பெயரை விடுவிக்கலாம் என்று மேலாளர் தெலுங்கில் இறங்கி வந்தார்.

விலகல் கடிதம் எழுதச் சொன்னார்கள். காரணம் எழுதவேண்டும் என்றதும் அப்பா குனிந்து காதில் சொன்னார். “உடம்பு சரியில்லன்னு எழுது. இல்லன்னா தாத்தா செத்துட்டாருன்னு போடு.” கம்பெனியில் அவர் தாத்தா பல தடவை செத்திருக்கிறார். நான், ‘தாவரவியல் படிக்க விரும்புவதால்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். ரோஜாக் கிளையை மடிப்பதைச் சொன்னேன். நுனி நிமிர்ந்திருக்கும் வரை அடியிலிருக்கும் மொட்டுகள் அடங்கிக் கிடக்கும், நுனியை மடித்தால் அவை எழும்பும், மடிந்த கிளையின் இலைகள் சும்மா கிடக்காமல் சாப்பாடு செய்து அடிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று எங்கள் வகுப்பில் போன மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“அது தெரியறதுக்குத்தான் அங்க போனியா?” என்றார் அப்பா. அவரிடம் இதுவரை நான் காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், “நம்ம பொண்ணு சீட்டு மூணு வருஷம் காலியாவே இருக்குமாங்க, வேற யாரையும் போட முடியாதாம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஆள் எதற்கும் இருக்கட்டும் என்று “சரிங்க” என்றார்.

அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து முதல் தவணைக்குக் கொடுத்தார். புதன்கிழமை கட்டினேன். கல்லூரி முதல்வர் வெளியூர் போயிருந்ததால் அவருடைய ஒப்புதல் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மேடம் மேசைக்கு எதிரில் நின்றேன். மேடம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் புதுப்பித்துப் பார்த்தார். மதியம் வரை நான் அங்கேதான் இருந்தேன். அதாவது பி.காம்.மில்.

மூன்று மணிக்கு மேலாளர் போன் செய்தார். “எல்லாம் முடிஞ்சுதும்மா. விடுவிக்கிறதுக்கு ஓ.டி.பி. கேக்குது. பதிவுல இருக்கற நம்பருக்குப் போயிருக்குது. பத்து நிமிஷம்தான். சொல்லு.”

“எந்த நம்பருக்கு சார்?”

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. சேரும்போது கொடுத்த எண். அப்பா கழற்றிப் போட்ட சிம்.

அப்பாவைக் கூப்பிட முடியாது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். மேடம் தன் போனில் மேலாளரை இணைப்பில் வைத்துக்கொண்டு, “அந்த நம்பருக்கே அடிச்சுப் பாரு” என்றார். உடனே, “ஆனா ஓ.டி.பி. யாரும் குடுக்க மாட்டாங்கம்மா” என்றும் சொன்னார்.

அடித்தேன். ஓ.டி.பி.யை யாரிடமும் பகிர வேண்டாம் என்ற அறிவிப்புத்தான் முதலில் கேட்டது. பிறகு மணி அடித்தது. ஒரு ஆண் குரல், “யாரு?” என்றது. எனக்குத் தெரிந்த கன்னடம் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ தமிழுக்கு வந்தார்.

“ஓ.டி.பி.யா? அதெல்லாம் குடுக்கக் கூடாதும்மா. உனக்கு முன்னாடி ஒரு பொம்பள இப்பதான சொல்லுச்சு போன்ல, கேக்கலியா?”

“இல்லீங்க, இந்த நம்பர் முன்னாடி எங்கப்பாவோடது.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

“காலேஜ்லேர்ந்து வந்திருக்கும் பாருங்க. என் பேர மாத்தறதுக்கு.”

“எந்தக் காலேஜு?” என்றார். சொன்னேன்.

“இரு இரு. காலேஜுக்கு வராத பொண்ணு நீதானா?”

“ஆமாங்க” என்றேன்.

“போன மாசம் பூரா போன் பண்ணாங்கம்மா. உங்க பொண்ணு ஏன் வரல, உங்க பொண்ணு ஏன் வரலன்னு. எனக்கு ரெண்டும் பசங்கதான்னு சொன்னன். அப்பவும் விடல. கடைசியா என் பொண்டாட்டி கேக்குறா, ஏன்யா, எனக்குத் தெரியாம எங்கனா ஒரு பொண்ணு வெச்சிருக்கறியான்னு.”

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். கடிகாரத்தைக் காட்டி எனக்குச் சைகையும் செய்தார்.

“மன்னிச்சுக்குங்க” என்றேன்.

“அத விடு. நல்லாத்தான இருக்கற? நாங்க ரெண்டு பேரும் பேசிக்குவோம். யாரு பெத்த பொண்ணோ, கல்யாணம் கட்டிக் குடுத்துட்டாங்களோ, கம்பெனிக்கு அனுப்பிட்டாங்களோன்னு. படிப்ப விட்டுட்டியா?”

“விடலீங்க. வேற காலேஜ்ல படிக்கறன். இப்ப ஓ.டி.பி. இல்லன்னா பரீட்சை எழுத முடியாது.”

“என்ன படிப்பு?”

“தாவரவியல். செடி, மரத்தப் பத்தி.”

“அதையும் காலேஜ்ல சொல்லித் தராங்களா?” என்று கேட்டுவிட்டு, போனை விலக்கி யாரையோ கன்னடத்தில் கூப்பிட்டார். ஒரு பெண்குரல் அருகில் வந்தது. செய்தி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் தேடுவது கேட்டது. அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாகக் கன்னடத்தில் வாசித்தார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். மேடம் அதை ஆங்கிலத்தில் மேலாளருக்குச் சொன்னார். கடைசி எண்ணை அந்த அம்மா இரண்டு முறை வாசித்தார், நான் தவறவிட்டுவிடக் கூடாது என்று.

மேலாளர், “விட்டாச்சு” என்றார். மேடம் திரையைப் புதுப்பித்தார். என் புகைப்படம் வந்தது. அதே இரட்டைச் சடை. கீழே கல்லூரியின் பெயர் இல்லை. மேடம் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, “இழுத்துட்டன்” என்றார். கீழே பி.எஸ்சி., தாவரவியல் என்று வந்தது. அரை மணி நேரத்தில் பதிவு எண் வந்தது. அங்கேயே நின்று கைப்பேசியில் தேர்வுக் கட்டணம் கட்டினேன். கட்டணம் பெறப்பட்டது என்ற செய்தி இந்த முறை என் எண்ணுக்கே வந்தது. பதிவில் எண்ணை மேடம்தான் மாற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. போன மாதம் முழுக்க, நான் இலை நரம்புகளை வரைந்துகொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் எப்படி இருப்பேன் என்று நினைத்திருப்பார்கள்? எந்த ஊர் என்று? சாப்பிடும்போது பேசினார்களா, தூங்கப் போகும்போது பேசினார்களா? அன்று கேட்க நேரம் இருக்கவில்லை.

தேர்வு எழுதினேன். முடிவு வந்ததும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். பிறகு அந்த எண்ணுக்கு அடித்தேன். அந்த அம்மாதான் எடுத்தார். பெயர் சொல்லாமலேயே தெரிந்துகொண்டார்.

“பாஸா?”

“எல்லாத்துலயும் பாஸுங்க.”

அவர் கணவரைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். எந்தப் பாடத்தில் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். அவர்களுக்குத் தளிப் பக்கம் ஒரு கிராமம், முட்டைக்கோசு போட்டிருக்கிறார்கள் என்று நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“ஏம்மா, செடியப் பத்தித்தான படிக்கற? கோசு எலை ஓரத்துலேர்ந்து மஞ்சளாகி உள்ள காஞ்சுக்கிட்டே வருது. நரம்பு கருப்பா இருக்குது. மருந்துக் கடைக்காரன் ஆளுக்கொண்ணு சொல்றான். அது ஏன் ஓரத்துலேர்ந்தே ஆரம்பிக்குது?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். ஒரு இலையைப் படம் எடுத்து அனுப்புங்கள், எங்களுக்கு வகுப்பு எடுக்கிற மேடத்திடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் சும்மா பரவியிருக்கவில்லை. ஓரத்தில் அகலமாகவும் நடு நரம்பை நோக்கிக் குறுகலாகவும், ஆப்பு அடித்ததுபோல ஒரே வடிவத்தில் நான்கு இடத்தில் இருந்தது. நான்கிலும் ஏன் ஒரே வடிவம் என்று உடனே கேட்கத் தோன்றியது.